தொடரும் அக்காவும் காலர் கடித்தவனும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ஒரு பேருந்தை மொத்தமாக அழவைத்த பெருமை, எனக்குத் தெரிந்து, தொடரும் அக்கா ஒருத்திக்குத்தான் உண்டு. ஓட்டுநர் அழுதார். நடத்துநர் அழுதுகொண்டே சில்லறை கேட்டார். கூட்டேரிப்பட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையோடு ஏறிய பெரியவர், விஷயம் என்னவென்றே தெரியாமல், எல்லாரும் அழுகிறார்களே என்று மரியாதைக்கு அழுதார். சந்தைக்குப் போன ஒரு ஆடும் அழுததாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அதை நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் மறைத்திருந்தது.

இத்தனைக்கும் யாரும் சாகவில்லை. அக்கா அந்த வாரம் எழுதிக்கொண்டிருந்த கதையில், மல்லிகா என்ற பெண்ணுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோயிருந்தது. அவ்வளவுதான்.

1993இல் விழுப்புரம் தனி மாவட்டமான புதிதில், அங்கே திறந்த அரசு அலுவலகம் ஒன்றில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. அக்கா அங்கே தட்டச்சர். இரண்டு பேருக்கும் வீடு திண்டிவனம் என்பதால் தினமும் ஒரே பேருந்து. முதல் நாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், பெயர்கூடக் கேட்காமல், "இந்தாடி பொண்ணே, ஒரு ஆளைக் கொல்லணும், ஆனா போலீஸு கண்டுபுடிக்கக் கூடாது. உனக்கு ஏதனா தோணுதா?" என்றாள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன்.

அவளுக்குக் கதையை முதலில் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லும்போது வில்லனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல், மழைக்குக்கூட ஒரு குரல். முன்சீட்டுக்காரர்கள் திரும்புவார்கள், பின்சீட்டுக்காரர்கள் எழுந்து வருவார்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போது கதை உச்சத்தில் இருக்கும். அக்கா குடையை எடுத்துக்கொண்டு, "தொடரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். பெயர் வந்தது அப்படித்தான். விக்கிரவாண்டியில் இறங்க வேண்டிய லாரி மெக்கானிக் ஒருவர், முடிவு தெரியவேண்டும் என்று விழுப்புரம் வரைக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நிலையத்தில் அக்காவை மறித்தார்.

"எக்கா, அந்தப் பொண்ணு கெணத்துல குதிச்சாளா இல்லியா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போ. எனக்கு வேல ஓடாது."

"எனக்கே தெரியாதுப்பா. நாளைக்கு இதே வண்டிக்கு வா."

அவர் மறுநாளும் வந்தார்.

அக்கா எழுதுவது வாரப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை. பத்து அனுப்பினால் ஒன்று வரும். திரும்பி வரும் ஒன்பதைப் பார்த்து அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "அவனுக்குக் குடுத்து வைக்கல" என்று ஆசிரியருக்காக ஒருமுறை பரிதாபப்படுவாள், அதே கதையை அடுத்த பத்திரிகைக்கு அனுப்பிவிடுவாள்.

மதிய இடைவேளையில் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்திலேயே கதை அடிப்பாள். ஒருநாள் கதைத் தாளும் கடிதத் தாளும் எங்கேயோ உறவாடிவிட்டன. மல்லாட்டை விதை விநியோகம் பற்றித் திண்டிவனம் அலுவலகத்துக்குப் போன கடிதத்தில் மூன்றாவது பத்தி, "'இன்னொரு அடி எடுத்து வைத்தால் உன் ரத்தம் குடிப்பேன்' என்று மல்லிகா கர்ஜித்தாள்" என்று இருந்தது. எங்கள் சூப்பிரண்டு எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் இல்லாதவர். கடிதம் போய்விட்டது. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. பார்வையில் காணும் கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ள மல்லிகா என்பவர் யார் என்பதையும், அவர் தொடர்பாக மேற்கொண்டு எடுக்கப்பட்ட நடவடிக்கையையும் உடன் தெரிவிக்குமாறு கேட்டிருந்தார்கள்.

சூப்பிரண்டு அக்காவைக் கூப்பிட்டார். கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னாம்மா இது? என் கையெழுத்துக்கு மேல ரத்தம் குடிக்கறா!"

"தப்புதான் சார். மன்னிச்சுக்குங்க. ஆனா ஒன்னு பாருங்க. இந்த ஆபீஸ்லருந்து போன கடுதாசிய மொத மொதல்ல ஒருத்தர் கடைசி வரிக்கும் படிச்சிருக்காரு."

அதற்குப் பிறகு சூப்பிரண்டு எல்லாக் கடிதங்களையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அலுவலகத்தில் வேலை தேங்கியது.

இனி நம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மாளு ஒரு சினிமா நடிகர். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் திண்டிவனத்தில் இரண்டு குடும்பத்துக்காவது பேச்சுவார்த்தை நின்றுபோகும். பெரிய நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு மூன்று படம் வரும், மூன்றும் மூன்றாம் நாள் தியேட்டரை விட்டு ஓடும். அக்காவுக்கு அவர் தெய்வத்துக்கு அடுத்தபடி. அவர் படம் வெளியாகும் நாளில் முதல் காட்சியில் அக்கா இருப்பாள். இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து அவள் ஊதும் விசில், ஆண்கள் பகுதியிலிருந்து வருவதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். சேலை கட்டிய பெண்பிள்ளை ஊதுகிறாள் என்று திரும்பிப் பார்த்த ஒருவரிடம், "இன்னா பாக்கற? உனக்கு வரலன்னா கத்துக்க" என்றாள்.

அக்காவின் வீட்டுக்காரர் சவரி அண்ணனுக்குத் திண்டிவனத்தில் பேட்டரிக் கடை. தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவர் எதிர்முகாம். அவருடைய ஆளு இன்னொரு நடிகர். சண்டைக்கு முன்னால் சட்டைக் காலரைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு அடிப்பார். சவரி அண்ணனின் சட்டைகள் எதிலும் காலர் ஒழுங்காக இருக்காது. வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரில் நம்மாளு, எதிர்ச்சுவரில் அவராளு, நடுச்சுவரில் திரு இருதய ஆண்டவர், எல்லைப் பாதுகாப்புப் படை மாதிரி. இரண்டு நடிகர்கள் படமும் ஒரே நாளில் வந்தால், மகள் ஸ்டெல்லா இடைவேளை வரை அம்மாவோடு ஒரு தியேட்டர், இடைவேளைக்குப் பிறகு அப்பாவோடு இன்னொரு தியேட்டர். பத்து வயது வரை அந்தக் குழந்தை எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலையை வைத்ததும், அடுக்களையில் அரிசி மூட்டையின் மேல் அட்டையை வைத்து அக்கா எழுத உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்துக்கு வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஸ்டெல்லா அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"அம்மா, கீழ வுழுந்துட்டேன்."

"ரத்தம் வருதா?"

"வருது."

"வரலன்னா அப்பாகிட்ட போ. வந்துதுன்னா துணிய சுத்திக்கினு அப்பாகிட்ட போ."

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சவரி அண்ணனின் அக்கா, எல்லாருக்கும் பெரிய நாத்தனார், ஒரு ஞானஸ்நான விருந்தில் எல்லார் முன்னாலும், "குடும்பப் பொம்பளைக்குக் கதை எதுக்கு? ஊட்டப் பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள். அக்கா பாயாசத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம் வெளிவந்த கதையில் நாத்தனார் பெயருள்ள பாத்திரம் பாம்பு கடித்துச் செத்தது. அதற்கடுத்த கதையில் லாரி மோதியது. ஊர் முழுக்க விஷயம் பரவிப்போய், நாத்தனாரை நேரில் பார்ப்பவர்கள் நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் நாத்தனாருக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"ஏண்டி, போன வாட்டி லாரிலாம் வுட்டு அடிச்ச. இந்த வாட்டி வெறும் ஜொரத்துல சாவறேன். நான் என்னா உனக்கு அவ்ளோ எளக்காரமா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அக்காவின் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. முதலில் காலையில் மட்டும். பேருந்தில் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மாட்டிக்கொண்டு நிற்பாள். பிறகு மணிக்கட்டு, முழங்கால். பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவரிடம் நானும் சவரி அண்ணனும் அழைத்துப் போனோம். முடக்குவாதம் என்றார். பொறுமையானவர், நன்றாகத்தான் விளக்கினார். மாத்திரைகளை விடக் கூடாது, கைக்கு ஓய்வு வேண்டும் என்றார்.

"எழுதறது, டைப் அடிக்கறது ரெண்டையும் கொறைச்சுக்கணும்மா."

"சோறாக்கறது, துணி தொவைக்கறது?"

"அதெல்லாம் கொஞ்சம் பாத்துச் செய்யலாம்."

"அதென்னா டாக்டர், ஊட்டு வேல செஞ்சா மட்டும் நோவாத கையி?"

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க சொல்றது சரிதான். அதையும் கொறைங்க" என்றார். திரும்பி வரும் பேருந்திலேயே அக்கா தீர்ப்பைப் படித்துவிட்டாள். துணி துவைப்பதும் தண்ணீர் இறைப்பதும் இனி சவரி அண்ணன் பொறுப்பு, மருத்துவரே சொல்லிவிட்டார். கதை எழுதக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை மட்டும் அவளுடைய காது வாங்கிக்கொள்ளவே இல்லை.

அலுவலகத்தில் சூப்பிரண்டு நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். "ஏம்மா கஷ்டப்படற? மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு வாங்கிக்க. எழுதிக் குடு, நான் மேல அனுப்பறேன்." அக்கா இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்சமாவது மடங்காமல் நின்ற ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். காலையில் ஆரம்பித்தது, அலுவலகம் முடியும் நேரத்துக்கு ஒரு தாள் ஆனது. ஓய்வு மனுதான் அடிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். சூப்பிரண்டு வாங்கிப் படித்தார், இப்போதுதான் படிக்கிற பழக்கம் வந்துவிட்டதே. ஓய்வு பெற எனக்கு விருப்பமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், தபால் பிரிவில் இடம் காலியாக உள்ளதையும் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று இருந்தது. அக்கா தபால் பிரிவுக்குப் போனாள். பணி ஓய்வு வயது வரை அங்கேதான் இருந்தாள், ஒருநாள் முன்னதாக எழுந்து போகவில்லை.

தபால் பிரிவுக்கு மாறிய அந்த நேரம் பார்த்துத்தான், இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை, தொடர்கதை எழுதித் தர முடியுமா என்று கேட்டது. வாரா வாரம் ஒரு அத்தியாயம். அக்கா என்னை அலுவலக மாடிப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கத்தரிக்காய் மாதிரி இருந்தன.

"எப்படிக்கா?"

"கையி என்னாடி கையி. கதை கையிலயா இருக்குது?"

சவரி அண்ணன் எழுத்தராக நியமிக்கப்பட்டார். கடையை மூடிவிட்டு வந்து, துணியைத் துவைத்துவிட்டு, அரிசி மூட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். அக்கா சொல்லச் சொல்ல எழுதுவார். முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. கதாநாயகன் செல்வம் ஒரு ஜீப் டிரைவர், அச்சு அசல் நம்மாளு. நான்காம் வாரம் பத்திரிகை வந்ததும் பேருந்திலேயே பிரித்துப் படித்துக்கொண்டிருந்த அக்கா, கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஒரு கத்து கத்தினாள். ஓட்டுநர் பிரேக் போட்டுவிட்டார்.

"துரோகி! ஊட்டுக்குள்ளயே துரோகி!"

வாங்கிப் பார்த்தேன். சண்டைக்கு முன்னால் செல்வம் சட்டைக் காலரைக் கடித்திருந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைக் கேட்கத் தெருவே வந்து நின்றது.

"நான் சொன்னனா? காலரு கடிச்சான்னு நான் சொன்னனா?"

"சும்மா கைய முறுக்கினான்னு சொன்ன. சப்புனு இருந்துச்சு. அதான் லேசா..."

"லேசாவா? என் செல்வத்த உன்னாளா மாத்திட்டியே, அது லேசா?"

திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு, அண்ணன் அன்றைக்குப் பேனாவை மூடி வைத்தார். மோசம் என்னவென்றால், அடுத்த இதழில் வாசகர் கடிதங்கள் வந்தன. எல்லாரும் அந்தக் காலர் கடித்த இடத்தைத்தான் புகழ்ந்திருந்தார்கள். அண்ணன் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அக்கா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரே வரியில் முடித்தாள். அன்றைக்குக் காலரைக் கடித்தது செல்வம் இல்லை, அவனைப் போலவே இருக்கும் அவன் தம்பி பாஸ்கர். இல்லாத தம்பியைப் பிறக்க வைத்தது எதற்கு என்று அதற்கடுத்த வாரமே தெரிந்தது. அண்ணனை உட்கார வைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "எழுது. விக்கிரவாண்டி ரோட்டு ஓரம். பாஸ்கர் வயித்துல கத்தி எறங்குது."

அண்ணன் எழுதவில்லை.

"இன்னா, காது கேக்கலியா?"

"அவனைக் கொன்னீன்னா நான் பேனாவத் தொட மாட்டேன். துணி தொவைக்கறேன், தண்ணி எறைக்கறேன். கொலைக்கு நான் வரமாட்டேன்."

வேலைநிறுத்தம் தொடங்கியது. ஸ்டெல்லா எழுத வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, பள்ளியில் தமிழில் முதலிடம். "தழுவினான்னா எப்படிம்மா? வேணாம், கை குலுக்கினான்னு போட்டுக்கறேன்" என்று காதல் காட்சிகளையெல்லாம் மாநாட்டுக் காட்சிகளாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஆனாலும் கத்தி இறங்கியது. பாஸ்கர் ரத்தவெள்ளத்தில் கிடந்தான். தொடரும்.

அந்த வாரமே அக்காவும் விழுந்தாள். காய்ச்சல் எகிறியது, மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டது, புரண்டு படுக்க முடியவில்லை. பாண்டிச்சேரியில் சேர்த்தோம். பத்திரிகைக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அங்கிருந்த உதவி ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், கதையை வேறொரு எழுத்தாளரை வைத்து இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்கிறோம் என்றார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக அதை அக்காவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாள் என்றுகூட நினைத்தேன்.

"விஜி, பேப்பர் எடு."

"அக்கா, காய்ச்சல் இன்னும்..."

"என் கதைய எவனோ முடிக்கறதுக்கு நான் என்னா செத்தா போயிட்டேன்? எடுடி பேப்பர!"

அங்கேயே சொன்னாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். வலி பொறுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பாள், கண்ணோரம் தண்ணீர் வழியும், துடைக்க வந்தால் முறைப்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து சரியாக ஆரம்பிப்பாள். பக்கத்துப் படுக்கைப் பெண்கள் ஒருக்களித்துத் திரும்பிப் படுத்துக் கேட்டார்கள். ஊசியோடு வந்த நர்ஸ் ஊசியைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டாள். அக்கா நிறுத்தியதும், "அப்புறம் என்னா ஆச்சு?" என்றாள். "ஊசிய போடும்மா மொதல்ல. மருந்து ஆறிடப்போவுது" என்றாள் அக்கா. அத்தியாயம் நேரத்துக்குச் சென்னை போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்ததும் போனது. வேறு எழுத்தாளரைப் பற்றி அவர்கள் பிறகு பேசவில்லை.

பாஸ்கர் மட்டும் கதைக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கிடந்தான். சவரி அண்ணன் தினமும் அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவார், காலைப் பிடித்துவிடுவார், வீம்பு காரணமாக அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். வராந்தாவில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"யம்மா விஜி, உங்கிட்ட ஏதனா சொன்னாளா? பொழைப்பானா?"

"தெரியலண்ணே."

"பேஜாரா இருக்குதும்மா" என்றார். பாஸ்கரைச் சொன்னாரா அக்காவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் நம்மாளு படம் வெளியானது. நெடுநாள் படமே இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி வருகிறார். அக்காவால் பத்தடி நடக்க முடியாது. முதல் நாள், மதியக் காட்சி, போயே தீருவேன் என்றாள். பெரிய நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கையி காலு வெளங்காத நேரத்துல சினிமா கேக்குதா?"

"கையும் காலும்தான் வெளங்கல. கண்ணு நல்லாத்தான இருக்குது?"

சவரி அண்ணன் வெளியே போனார். பேட்டரி ஏற்றும் மூன்று சக்கர வண்டியைக் கழுவி, அதில் வீட்டு நாற்காலியைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். நம்மாளு படத்துக்குக் கால் வைப்பதில்லை என்று அண்ணன் இருபது வருஷமாகக் கட்டிக்காத்த விரதம் அது. தியேட்டர் வாசலில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய ரசிகர் மன்றத்துத் தோழர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்கள் கண் முன்னாலேயே அக்காவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அக்காவின் அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர். "நான் கண்ண மூடிக்கினுதான் இருப்பேன். முடிஞ்சதும் எழுப்பு" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே மூடிக்கொண்டார்.

திரையில் நம்மாளு வந்தார். தியேட்டர் கிழிந்தது. அக்கா பழக்கத்தில் கையைத் தூக்கினாள். விரல் மடங்கவில்லை. இன்னொரு கையால் பிடித்து மடக்கப் பார்த்தாள், வலியில் முகம் கோணியது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்ததில்லை.

சவரி அண்ணன் கண்ணைத் திறந்திருந்தார். எப்போது திறந்தார் என்று தெரியாது. நாற்காலி மேல் ஏறி நின்றார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், திண்டிவனம் ரயில் நிலையத்தில் சிக்னல் விழுந்திருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்மாளு சண்டையை முடிக்கும் வரை விடாமல் ஊதினார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் சவரி! இன்னாடா இது, கட்சி மாறிட்டியா?"

"எவன்டா மாறினான்? அவளுக்கு வெரலு மடங்கல, நான் ஊதறேன். உனக்கு இன்னாடா போச்சு?"

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் நம்மாளு திரையில் இருக்கும்போது அவள் வேறு ஆளைப் பார்த்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் அழைக்காமலே அரிசி மூட்டைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எழுது. ஆஸ்பத்திரி. பாஸ்கர் கண்ணத் தொறக்கறான்." அண்ணன் எழுதினார். கொஞ்சம் பொறுத்து, "சட்டை போட்டிருக்கானா?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரில ஏதுங்க சட்டை? பொறுங்க, டிஸ்சார்ஜ் ஆவட்டும்" என்றாள் அக்கா.

தொடர் அவள் நினைத்தபடி, அவள் வார்த்தையில் முடிந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தொடர், எண்ணிக்கை இல்லாத சிறுகதைகள், எல்லாமே அண்ணன் கையெழுத்தில். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டன. நோய் போகவில்லை, வந்து வந்து படுக்க வைத்துவிட்டுத்தான் போனது. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்ததும், "எங்க வுட்டோம்?" என்பாள். நம்மாளு இப்போது கதாநாயகனுக்கு அப்பாவாக வருகிறார். படமே அப்பாவைப் பற்றியதுதான் என்பது அக்காவின் கட்சி.

செல்பேசியில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதி வந்ததும், ஸ்டெல்லா ஒன்று வாங்கிக் கொடுத்தாள். "மல்லிகா கர்ஜித்தாள்" என்று அக்கா சொன்னதை அது "மல்லிகா கஞ்சி வைத்தாள்" என்று எழுதியது. அக்கா அதனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். சவரி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சந்தோஷத்தோடு, "இத்துக்கு நானே தேவல இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போன முறை அவர்களைப் பார்த்தது விழுப்புரத்தில், பழைய அலுவலகத் தோழி மகன் கல்யாணத்தில். அக்கா பட்டுச் சேலையில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கனகாம்பரமும் மல்லிகையும் வைத்த பின்னல், நடு முதுகில் தொங்காமல் இடது தோளைப் பார்த்து ஓடியிருந்தது. மூன்று புரியும் மூன்று தடிமன், நடுவே ஒரு இடத்தில் முடிச்சு. உட்காரவைத்து, சரிசெய்யலாம் என்று கையை வைத்தேன். சாய்ந்த விரல்களால் என் கையைத் தட்டிவிட்டாள்.

"கைய எடுடி. அவரு காலையிலருந்து குந்திக்கினு பின்னினது."

கல்யாண மண்டபம் முழுக்க எத்தனையோ நேரான பின்னல்கள் போய்வந்துகொண்டிருந்தன. பந்திக்குக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கோணல் பின்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.